இது அது இல்ல

கீழாநெல்லிச் செடியைக் கையில் எடுத்ததும் அவர் அதைக் கவிழ்த்துப் பிடிப்பார். இலைக்கு அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களை விரல் நுனியால் ஒருமுறை தடவுவார். தண்டைப் பார்ப்பார். அவ்வளவுதான். வலப்பக்கம் போட்டால் கீழாநெல்லி. இடப்பக்கம் போட்டால், "இது அது இல்ல."

அந்த மூன்று சொல்லுக்கு மேல் அவரிடம் விளக்கம் கிடைக்காது. அப்படியென்றால் இது என்ன செடி என்று கேட்டால், "எனக்கு இன்னா தெரியும். அது இல்ல, அம்மாந்தான்" என்பார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒருமுறை பத்துப் பேர் நடுவில் கெடுத்தவள் நான். இனியும் அதை எடுத்துப் புழங்கும் தகுதி எனக்கு இல்லை.

மடுகரைக்கு வெளியே, கரும்புக் கொல்லைகளை ஒட்டி, மூலிகைகளை உலர்த்தி மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்பும் ஒரு கொட்டகை இருந்தது. முதலாளி திருக்கனூர் மண்டிக்காரர் குடும்பம். கீழே கொட்டகை, பக்கத்தில் மாடியோடு மெத்தை வீடு. அந்த மெத்தையில் ஒரு அறையை ஒழித்து, மேசையும் தராசும் சில கண்ணாடிச் சாமான்களும் வைத்து, "இதுதாம்மா லேப்" என்று என்னிடம் கொடுத்தார்கள். நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு வருஷம் வீட்டில் இருந்தவள். எங்கள் வீட்டில் அவ்வளவு படித்தது நான்தான். என் அப்பா வில்லியனூரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பொண்ணு சயின்டிஸ்டு ஆயிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே கொட்டகையில் தார்ப்பாயைச் சுற்றி உட்கார்ந்து ஏழெட்டுப் பெண்கள் செடி பிரிப்பார்கள். அவர்களில் மூத்தவர் அவர். உறுவையாற்றிலிருந்து காலையில் பஸ் பிடித்து வருவார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கும்.

முதல் நாள் நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பொண்ணு, ஊசி போட வந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் இன்னார், இந்தச் செடியில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை, கீழாநெல்லியில் பிலாந்தின் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது இன்னா பண்ணும்?"

"ஈரலைக் காப்பாத்தும்கா. எலிக்குக் குடுத்து டெஸ்ட் பண்ணியிருக்காங்க."

"மன்சாளுக்கு?"

"மனுஷங்களுக்கு இன்னும் அவ்ளோ உறுதியா சொல்ல முடியாது."

"ம். அப்ப அப்படியே சொல்லு. மொதல்ல காப்பாத்தும்னு சொன்னியே."

அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் எப்போதும் அப்படித்தான். ஒரு பொருளுக்கு அதன் பெயரல்லாத பெயரைச் சொன்னால் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, "நெய்யின்னு ஊத்தறீங்களே, இது டால்டா" என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டுக்காரர்களுக்கு முகம் செத்துப்போனது. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை கவர்மென்ட் வேலை என்றார்கள். இவர் அடுத்த நாளே அந்த ஆபீசுக்குப் போய் விசாரித்து, அவர்கள் சொந்தக்காரர்கள் முன்னாலேயே, "கான்டிராக்டு வேலைய கவர்மென்ட் வேலைன்னு சொல்லாதீங்க. கான்டிராக்டுன்னே சொல்லுங்க, பொண்ணு தரேன்" என்று சொன்னாராம். அந்தச் சம்பந்தம் போனது. மகள் இரண்டு மாதம் பேசவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் யாரும் அசந்து மறந்துகூட ஒரு வார்த்தை மிகையாகச் சொல்ல முடியாதே என்று நினைத்தேன்.

ஆனால் அதே அளவுகோலை அவர் தனக்கும் வைத்திருந்தார். எனக்கு அது தெரிய வந்தது நான் செய்த ஒரு சின்னக் குறும்பால். அவர் வலப்பக்கம் போட்டதில் கொஞ்சம், இடப்பக்கம் போட்டதில் கொஞ்சம் எடுத்துத் தனித்தனியாகப் பொடித்து, இரண்டு தாளில் வைத்து அவரிடம் நீட்டினேன்.

"எது கீழாநெல்லி, சொல்லுங்க பாக்கலாம்."

இரண்டையும் முகர்ந்தார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"தெரியில."

"சும்மா சொல்லுங்கக்கா. கசக்கறதுதானே?"

"கசக்குதுன்னு எம்மாமோ இருக்குது. தூளாக்கிட்டா எனக்குத் தெரியாது. செடியா குடு, சொல்றன்."

அந்த இரண்டு பொடியையும் மெத்தைக்கு எடுத்துப்போய்ச் சோதித்தேன். சோதனை ஒன்றும் பெரிய மாயம் இல்லை. பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, வெள்ளைப் பூச்சு பூசிய ஒரு தட்டில் ஊசிமுனை அளவு பொட்டு வைப்பேன். தட்டின் அடியைக் கண்ணாடிக் குடுவைக்குள் ஹெக்சேன் கலவையில் நிறுத்தி வைத்தால், திரி எண்ணெய் குடிப்பதுபோல் திரவம் மேலே ஏறும். அது போகும் வழியில் ஒவ்வொரு ரசாயனத்தையும் ஒவ்வொரு உயரத்தில் விட்டுவிட்டுப் போகும். பிறகு அமிலம் தெளித்துச் சூடாக்கினால் பொட்டுகள் நிறத்தோடு தெரியும். பிலாந்தின் இருந்தால் அதன் உயரத்தில் ஊதாப் பொட்டு. அவர் வலப்பக்கம் போட்டதில் ஊதாப் பொட்டு பளிச்சென்று இருந்தது. இடப்பக்கத்தில் அந்த இடம் காலி.

தட்டைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பொட்டுதான் அதுவா?"

"ஆமாக்கா."

"தூளுலருந்து கண்டுபுடிச்சியா? பரவால்லையே பொண்ணு." நிஜமான வியப்போடு சொன்னார். பிறகு, "உனுக்குத் தூளு தெரியுது, எனக்குச் செடி தெரியுது. ரெண்டு பேரும் சேந்தா யாரும் ஏமாத்த முடியாது" என்றார்.

அந்தச் சொல்லை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அதன் பிறகு ஒவ்வொரு லோடுக்கும் நான் கீழே இறங்கி, அவர்கள் பிரித்து முடித்த குவியலில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் கைவிட்டு நானே சாம்பிள் எடுப்பேன். அவர் குவியலில் ஒருமுறைகூட அந்த ஊதாப் பொட்டு தவறவில்லை.

ஒருநாள் பாகூரிலிருந்து ஒரு ஆள் மொபெட்டில் வந்தார். மனைவிக்குக் கண் மஞ்சள் பூத்திருக்கிறது, கீழாநெல்லி கொடுங்கள் என்று கேட்டார். எல்லோரும் அக்காவைக் காட்டினார்கள். அவர் எழுந்து வெளியே போய், ஈரம் காயாத செடியாக ஒரு பிடி பொறுக்கிக் கொண்டுவந்தார். கையில் கொடுக்கும் முன் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனியா?"

"இல்லம்மா, இது குடுத்தா போதும்னாங்க."

"யாரு சொன்னது? காமாலையில எத்தினி இருக்குது. பித்தப்பையில கல்லு இருந்தாலும் கண்ணு மஞ்சளாத்தான் ஆவும். எனக்கு எலை தெரியும், நோவு தெரியாது. மொதல்ல ரத்தம் குடுத்துப் பாரு. டாக்டரு சரின்னா இத அரச்சுக் குடு."

"நீங்க வைத்தியரம்மான்னு சொன்னாங்களே."

"எவன் சொன்னான்? நான் செடி பொறுக்கறவ."

அந்த ஆள் போன பிறகு அவர் சுருக்குப்பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்கித் தண்ணீர் குடித்தார். மூலிகைக்காரர் கையில் இங்கிலீஷ் மாத்திரையைப் பார்த்து நான் சிரித்தேன். "இன்னா சிரிக்கிற? எனக்கு சக்கர இருக்குது, இது சக்கர மாத்தர" என்றார்.

இனி அந்த ஐப்பசியைச் சொல்ல வேண்டும்.

மழை பிடித்து வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும் மாதம் அது. அந்த வருஷம் பெரிய கம்பெனி ஒன்று நிறையக் கேட்டிருந்தது. நம் பக்கத்துச் சரக்கு போதாமல் முதலாளி விழுப்புரத்துப் பக்கமிருந்து ஒரு லாரி நிறைய வரவழைத்தார். மறுநாள் சாயங்காலமே கட்டி அனுப்பியாக வேண்டும். எனக்கோ ஹெக்சேன் தீர்ந்துபோயிருந்தது. தீரப்போகிறது என்று இரண்டு வாரம் முன்பே தெரியும். ஆர்டர் போட மறந்துவிட்டேன். வேலை நிரந்தரமாவது அந்த மாதக் கடைசியில். மறந்துவிட்டேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை.

லாரி வந்து இறக்கிய காலை, பத்து மணி இருக்கும், அவர் மெத்தைப் படியேறி வந்தார். அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. கை நிறையச் செடி.

"தோ பாரு. தண்டு செவப்பா இருக்குது. காய தடவிப் பாரு, சொரசொரன்னு இருக்குதா? நம்ப கீழாநெல்லி காயி வழவழன்னு இருக்கும். இது அது இல்ல. லோடுல பாதிக்கு மேல இப்படித்தான். பிரிக்கணும்னா நாலு நாளாவது ஆவும். மொதலாளிகிட்ட சொல்லிடு."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன்."

"சொல்லிடுவ இல்ல?"

"சொல்றேன்கா."

நான் சொல்லவில்லை. சொன்னால், டெஸ்ட் செய்து உறுதி பண்ணு என்பார். டெஸ்ட் செய்ய ஹெக்சேன் இல்லை என்பது வெளியே வந்துவிடும். பாதிக்கு மேல் என்று அவர் சொல்வது மிகையாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் எதையும் மிகையாகச் சொல்கிறவர் இல்லை என்பது வேறு யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். முந்தைய லோடின் தட்டைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதையே இந்த லோடின் ரிப்போர்ட்டில் ஒட்டி, கையெழுத்துப் போட்டேன். அன்று நான் கீழே இறங்கவே இல்லை. தலைவலி என்று சொல்லி மத்தியானச் சாப்பாட்டைக்கூட மேலேயே சாப்பிட்டேன். மறுநாளும் சாயங்காலம் லாரி கிளம்பும் சத்தம் கேட்கும் வரை கொட்டகைப் பக்கம் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே மூட்டைகள் திரும்பி வந்தன. அந்தக் கம்பெனியும் சோதித்திருக்கிறது. இது கீழாநெல்லி இல்லை, உங்கள் ரிப்போர்ட் பொய் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி கத்துகிறவர் இல்லை. கொட்டகை நடுவில் நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். மூட்டைகளுக்கு மேலே அந்தக் காகிதம் கிடந்தது. முதலில் அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இன்னாம்மா இது? நீதானே பிரிச்ச?"

"பிரிக்கவே வுடலியே. வந்த அன்னைக்கே இந்தப் பொண்ணுகிட்ட சொன்னன். பாத்துக்கறேன்னு சொல்லிச்சு. அப்பறம் நீங்க கட்டச் சொன்னீங்க. இது சொல்லிடுச்சி, தெரிஞ்சிதான் சொல்றீங்கன்னு கட்டிட்டோம்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள்.

அந்த ஒரு நொடியில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். வேறு ஒன்றும் ஆகியிருக்காது. வில்லியனூரில் அப்பா தலை குனிந்திருப்பார், கொஞ்ச நாளில் நிமிர்ந்திருப்பார்.

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல சார்."

குரல் நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

"அப்ப ரிப்போர்ட்டுல எப்படிம்மா சரியா வந்தது?"

"அன்னைக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல சார். சாம்பிள அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. அவங்க குடுத்தது சரியாத்தான் இருந்தது."

நல்ல செடியாகப் பொறுக்கி எனக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை அப்படியே கட்டிவிட்டார் என்று அர்த்தம். சோம்பேறி என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. பொய்க்காரி என்று சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்த மூட்டை ஒன்றில் கையை விட்டு ஒரு செடியை இழுத்தார். காய்ந்து நொறுங்கியிருந்தாலும் தண்டின் சிவப்பு தெரிந்தது. என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது இன்னா? சொல்லு."

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"உன்னத்தான் கேக்கறன். இது அதுவா?"

"எனக்குச் செடியா பாத்துத் தெரியாது" என்றேன்.

அவர் அந்தச் செடியை மூட்டைமேல் வைத்தார். முந்தானையை உதறிக்கொண்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். முதலாளி, "நாளைலருந்து அந்தம்மா வர வேணாம்" என்று கணக்குப் பிள்ளையிடம் சொன்னதை அவர் கேட்டிருக்க மாட்டார். சொல்லாவிட்டாலும் அவர் வந்திருக்க மாட்டார்.

விஷயம் பரவியது. வில்லியனூரில் அவரிடம் நேரடியாகச் செடி வாங்கிய இரண்டு நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவர் கரும்புக் கொல்லையில் தோகை உரிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். தோகை கையை அறுக்கும். எனக்கு வேலை நிரந்தரமானது.

ஆறு வருஷம் ஓடியது. கொட்டகை பெரிதானது, லேப் பெரிதானது, என் பெயருக்குக் கீழே தரக் கட்டுப்பாட்டு மேலாளர் என்று போர்டு வந்தது. இதற்கிடையில் நான் செடியைப் பார்த்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டிருந்தேன். கவிழ்த்துப் பிடிப்பது, காயைத் தடவுவது, தண்டைப் பார்ப்பது. போன தை மாதம் புதுச்சேரியில் மூலிகை வியாபாரிகளுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு செடிகளைத் தூக்கிக் காட்டி, எது அது, எது அது இல்லை என்று விளக்கினேன். கைதட்டினார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "தட்டுல பொட்டு வெச்சுப் பாக்கறவங்களுக்கு இவ்ளோ நுணுக்கம் எப்படிம்மா தெரிஞ்சது? யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் அனுபவம்தான் சார்" என்றேன்.

மறுபடியும் குரல் நடுங்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. வில்லியனூரில் இறங்கினேன். வீட்டுக்குப் போகாமல் ஆட்டோ பிடித்து உறுவையாற்றுக்குப் போனேன். வீடு கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. அவர் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். முன்கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கோடுகள்.

என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"இன்னாத்துக்கு வந்த?"

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஹெக்சேன், பழைய தட்டின் படம், நிரந்தர வேலை, இன்றைக்குக் காலை நான் சொன்ன அனுபவம் என்ற சொல் வரைக்கும். அழுதேன். அவர் தழையைக் கட்டி முடித்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"இதெல்லாம் எதுக்கு என்கிட்ட சொல்ற? நீ சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நான் அங்கதானே இருந்தன்."

"மன்னிச்சிடுங்கக்கா."

"தெரியாதவங்க இருப்பாங்க இல்ல. அவங்ககிட்ட போயி சொல்லு."

உட்கார் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தைகளை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது ஒரு தண்டனை.

"அன்னைக்கு சொல்லியிருந்தா உன்ன அனுப்பியிருப்பேன்மா. இப்ப இந்தக் கம்பெனிய உன்மேல கட்டிட்டேன். உன்ன அனுப்பிட்டு நான் இன்னா பண்றது?" என்றார். மன்னித்ததுபோல் அது இல்லை. கணக்குப் பிள்ளையை அன்றைக்கே உறுவையாற்றுக்கு அனுப்பி, அவரை வேலைக்கு வரச் சொன்னார். மத்தியானம் அவன் மட்டும் திரும்பி வந்தான். "கரும்பு வெட்டு இருக்குதாம், வரலன்னுட்டாங்க."

மீதி இருந்தது கொட்டகையில் இருந்த பெண்கள். அன்று அங்கே நின்றவர்களில் ஐந்து பேர் இன்னும் வேலையில் இருந்தார்கள். ஆறு வருஷமாகக் காலையில் நான் உள்ளே நுழையும்போதெல்லாம், "வணக்கம் மேடம்" என்று எழுந்திருப்பவர்கள். தீபாவளிக்கு எனக்கு அதிரசம் கொண்டுவருகிறவர்கள். அவர்களிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. அவர்களுடைய மரியாதையை நான் அவ்வளவு நம்பியிருந்தேன்.

தார்ப்பாய் ஓரத்தில் போய் நின்றேன். "உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "அன்னைக்கு லோடு திரும்பி வந்தது அக்காவால இல்ல. அவங்க என்கிட்ட வந்து சொன்னாங்க. நான்தான் பொய் சொன்னேன்."

யாருடைய கையும் நிற்கவில்லை. செடிகள் வலப்பக்கமும் இடப்பக்கமும் விழுந்துகொண்டிருந்தன. அவர்களில் வயதானவர் தலை நிமிராமலே பேசினார்.

"அன்னைக்கே தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"அக்கா கைநெறைய செவப்புத் தண்ட எடுத்துனு மெத்தைக்கு ஏறுனத எல்லாருந்தானே பாத்தோம். நீங்க அன்னைக்குக் கீழ எறங்கி வரவே இல்லியே."

"அப்ப ஏன் நீங்க யாரும் சொல்லல?"

"எங்கள யாரும் கேக்கல."

பக்கத்திலிருந்த பெண் குவியலிலிருந்து அடுத்த கட்டை இழுத்துப் பிரித்தாள். ஒரு செடியை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். வெளிச்சம் மறைக்குது."